கையெழுத்துக்கு முன்: அமெரிக்காவில் புதிய பிஏ-வின் முதல் வேலை ஒப்பந்தம்

பிஏ என்பது ஃபிசிஷியன் அசிஸ்டென்ட், டாக்டரோடு இணைந்து நோயாளிகளைப் பார்த்து சிகிச்சை தருபவர். அதற்கான சான்றிதழ்த் தேர்வான பான்ஸில் தேறி, பெயருக்குப் பின்னால் பிஏ-சி போட்டுக்கொள்ளும் உரிமை வந்த கையோடு பலருக்கு முதல் ஆஃபரும் வந்துவிடுகிறது. சிலருக்குப் படிப்பின் கடைசி மருத்துவமனைச் சுற்று (ரொட்டேஷன்) முடிவதற்குள்ளேயே வந்துவிடும். கல்விக்கடன் கழுத்தை நெரிக்கும் நேரம் அது. மின்னஞ்சலைத் திறந்தால் கண் நேரே சம்பளத் தொகைக்குத்தான் போகும். ஆறு இலக்கத்தில் ஒரு எண்ணைப் பார்த்துவிட்டால் மற்ற பக்கங்களைப் படிக்கத் தோன்றாது. ஃபிசிஷியன் அசிஸ்டென்ட்டாக முதல் வேலைக்குப் போகிறவர்கள் அடிபடுவது அந்த மற்ற பக்கங்களில்தான்.

பிஏ படிப்பு சராசரியாக 27 மாதம். டாக்டர்களுக்கு இருப்பதுபோல் அதற்குப் பிறகு மருத்துவமனையில் கட்டாயப் பயிற்சிக் காலம் (ரெசிடென்சி) கிடையாது. ஆகவே முதல் வேலையின் முதல் வருடமே உங்கள் ரெசிடென்சி. இதை மனதில் வைத்துக்கொண்டு ஆஃபரைப் படித்தால் எதை முதலில் பார்ப்பது என்பது தெளிவாகிவிடும்: யார் கற்றுக்கொடுப்பார்கள், உண்மையில் எத்தனை மணி நேர வேலை, ஒத்துவராவிட்டால் என்ன செலவில் வெளியே வரலாம். சம்பளம் இந்த மூன்றுக்கும் பிறகுதான். கடன் இருப்பவருக்கு இது கசக்கும். ஆனால் கற்றுக்கொடுக்க ஆளில்லாத இடத்தில் 10,000 டாலர் கூடுதலாக வாங்கிக்கொண்டு சேர்ந்து, எட்டாவது மாதம் பயந்துபோய் விலகி, சேரும்போது வாங்கிய போனஸையும் திருப்பிக் கட்டி, விலகிய பிறகு வரும் வழக்குகளுக்கான டெயில் இன்ஷூரன்ஸுக்கும் கைக்காசு போட்டால், அந்தப் பத்தாயிரம் வந்த சுவடே தெரியாமல் போய்விடும்.

பயிற்சி காகிதத்தில் இருக்கிறதா

நேர்காணலில் எந்த இடத்திலும் வரும் பதில் ஒன்றுதான்: "புதியவர்களுக்கு நாங்கள் நல்ல சப்போர்ட் தருவோம்." அந்தப் பதிலை அங்கேயே எண்களாக மாற்றிக் கேளுங்கள். முதல் இரண்டு வாரம் என்ன செய்வேன்? முதல் மாதம் நாளுக்கு எத்தனை நோயாளிகள்? முழு ஷெட்யூல் என்றால் எத்தனை பேர், அது எந்த மாதத்திலிருந்து? சந்தேகம் வந்தால் யாரைக் கேட்பது, அவர் அப்போது எங்கே இருப்பார்?

குடும்ப மருத்துவக் கிளினிக் என்றால் நியாயமான ஏற்பாடு ஏறக்குறைய இப்படி இருக்கும். முதல் இரண்டு வாரம் டாக்டரோடும் அனுபவமுள்ள பிஏ-வோடும் உடனிருந்து பார்ப்பது, கணினி ரெக்கார்டுகளில் பழகுவது. அதன் பிறகு 40 நிமிட ஸ்லாட்டில் நாளுக்கு 6 முதல் 8 பேர். இரண்டாவது மாத முடிவில் 10 முதல் 12. நான்காவது மாதத்தில் 14 முதல் 16. ஆறாவது மாதம் முழு எண்ணிக்கை. அறுவை சிகிச்சைப் பிரிவுகளில் இது ஒரு வருடம்வரைகூட நீளும். அங்கே ஆபரேஷன் அறையில் முதல் உதவியாளராக நிற்பது, வார்டு ரவுண்ட்ஸ், அறுவைக்குப் பிந்தைய கிளினிக் என்று மூன்று தனித்தனி வேலைகளைக் கற்க வேண்டும். மூன்றாவது வாரமே 20 நிமிட ஸ்லாட்டில் 20 பேர் என்கிற இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். புதியவருக்கு ஒவ்வொரு மருந்தின் அளவையும் சரிபார்க்க நேரம் வேண்டும், நோட் எழுத அனுபவசாலிக்கு ஆகும் நேரத்தைப்போல் இரண்டு மடங்கு ஆகும், எந்த லேப் முடிவுக்கு அவசரம், எதற்கு அவசரமில்லை என்று பிரித்தறியும் பழக்கம் இன்னும் வந்திருக்காது. அந்த வேகத்தில் தவறு நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

மேற்பார்வை டாக்டர் அதே கட்டிடத்தில் இருக்கிறாரா என்பதை நேரடியாகக் கேளுங்கள். பிஏ எந்த அளவு சுதந்திரமாக வேலை செய்யலாம், டாக்டரின் மேற்பார்வை எப்படி இருக்க வேண்டும் என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பல மாநிலங்களில் டாக்டர் ஃபோனில் கிடைத்தாலே சட்டப்படி போதும். சட்டம் அனுமதிப்பது வேறு, படிப்பு முடித்து இரண்டு மாதமான ஒருவர் அர்ஜென்ட் கேர் கிளினிக்கில் ராத்திரி ஷிஃப்ட்டைத் தனியாகப் பார்ப்பது வேறு. முதல் ஆறு மாதம் தனி ஷிஃப்ட் கிடையாது என்று எழுத்தில் தர மறுக்கும் இடத்துக்குப் புதியவர் போகக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கையெழுத்துக்கு முன் அரை நாள் அங்கே உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். நல்ல இடங்கள் மறுப்பதில்லை. அங்கே போனால் சுவரிலிருக்கும் போஸ்டர்களைப் பார்க்க வேண்டாம், நடைபாதையைப் பாருங்கள். ஒரு பிஏ அறையிலிருந்து வெளியே வந்து, "இந்த ஈசிஜியைக் கொஞ்சம் பார்க்கிறீர்களா" என்று டாக்டரிடம் கேட்கிறார். டாக்டர் நாற்காலியைத் திருப்பி அதைக் கையில் வாங்கிப் பார்க்கிறாரா, மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் "கார்டியாலஜிக்கு அனுப்பிவிடு" என்கிறாரா? சாயங்காலம் கடைசி நோயாளி போன பிறகு யார் யார் இன்னும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறார்கள்? இந்த இரண்டு காட்சியும் ஒரு மணி நேர நேர்காணலைவிட அதிகம் சொல்லிவிடும். முடிந்தால் அங்கே வேலை பார்க்கும் பிஏ ஒருவரிடம் தனியாகப் பேசுங்கள். கடந்த மூன்று வருடத்தில் எத்தனை பேர் விலகினார்கள், நான் யாருடைய இடத்துக்கு வருகிறேன், அவர் ஏன் போனார் என்று கேளுங்கள்.

பிறகு பேசியதை ஒப்பந்தத்தில் ஒரு வரியாகவாவது சேர்க்கச் சொல்லுங்கள்: முதல் 90 நாள் நாளுக்கு அதிகபட்சம் இத்தனை நோயாளிகள், ஆறு மாதம்வரை மேற்பார்வை டாக்டர் அதே இடத்தில் இருப்பார், இந்த ஆறு மாத எண்ணிக்கை போனஸ் கணக்கில் சேராது. ஏறத்தாழ எல்லா ஒப்பந்தங்களின் கடைசிப் பக்கத்திலும், இந்தக் காகிதத்தில் உள்ளதே முழு உடன்பாடு, வேறு வாய்மொழிப் பேச்சு எதுவும் செல்லாது என்ற ஒரு வரி இருக்கும். நேர்காணலில் அன்பாகப் பேசிய டாக்டர் அடுத்த மாதமே வேறு கிளைக்கு மாற்றலாகிப் போகலாம். மிஞ்சுவது காகிதம் மட்டுமே.

மணிக் கணக்கு

பிஏ-வுக்கு மாதச் சம்பளம் பேசிவிட்டால் ஓவர்டைம் கிடையாது. ஃபெடரல் தொழிலாளர் விதிகள் அங்கீகாரம் பெற்ற படிப்பும் சான்றிதழும் உள்ள பிஏ-வை பொதுவாக ஓவர்டைம் விலக்குப் பெற்ற தொழில்முறை ஊழியராகவே வைக்கின்றன. ஆகவே "முழு நேரம்" என்ற சொல்லுக்குள் எத்தனை மணி நேரம் ஒளிந்திருக்கிறது என்பதை நீங்கள்தான் தோண்டி எடுக்க வேண்டும். நோயாளி பார்க்கும் நேரம் மட்டும் 40 மணியா, அல்லது 36 மணி நோயாளிகளுக்கும், 4 மணி அவர்களைப் பற்றிய குறிப்பு எழுதும் சார்ட்டிங்குக்குமா? லேப் முடிவு, மருந்து நீட்டிப்பு, நோயாளிகளின் செய்தி என்று இன்பாஸ்கெட்டில் குவிவதை யார் பார்ப்பது, எந்த நேரத்தில்? டாக்டர் விடுமுறையில் போனால் அவருடைய இன்பாஸ்கெட்டும் உங்கள் தலையிலா? ஆன்-கால், அதாவது கூப்பிட்டால் வேலை செய்யத் தயாராக இருக்கும் முறை, எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஃபோனில் மட்டுமா, நேரில் போக வேண்டுமா, அதற்குத் தனிப் பணம் உண்டா, மறுநாள் ஓய்வு உண்டா?

இரண்டு ஆஃபர்களை ஒப்பிட்டுப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை.

முதலாவது தனியார் கிளினிக். சம்பளம் 118,000 டாலர். வாரம் 40 மணி, வீட்டில் சார்ட்டிங் 6 மணி. எல்லா விடுப்பும் சேர்த்து 3 வாரம். நான்கு வாரத்துக்கு ஒரு வாரக்கடைசி ஆன்-கால், பணம் கிடையாது, உண்மையில் 8 மணி நேர வேலை. வருடத்தில் 49 வாரம் என்றால் 46 மணி வீதம் 2,254 மணி. ஆன்-கால் 13 வாரக்கடைசிக்கு 104 மணி. மொத்தம் 2,358. இன்னும் கழிக்க வேண்டியவை இருக்கின்றன. மருத்துவக் காப்பீட்டுக்கு உங்கள் பங்கு மாதம் 350 டாலர், அதாவது வருடம் 4,200. கட்டுப்பாடுள்ள மருந்துகளை எழுதித் தரத் தேவையான டிஇஏ பதிவின் கட்டணம் 3 வருடத்துக்கு 888 டாலர், அதுவும் நீங்களே கட்ட வேண்டும், வருடத்துக்கு 296. விலகும்போது டெயிலுக்கு 8,000 ஆகும், இரண்டு வருடம் இருப்பீர்கள் என்று வைத்தால் வருடத்துக்கு 4,000. தொடர் மருத்துவக் கல்விக்கு (சிஎம்இ) அவர்கள் தரும் பணம் 1,000 மட்டும் கூட்டுங்கள். மிஞ்சுவது 110,504. மணிக்கு 47 டாலருக்குச் சற்றுக் குறைவு.

இரண்டாவது மருத்துவமனை. சம்பளம் 109,000. வாரம் 36 மணி, சார்ட்டிங் 3 மணி. விடுப்பு 5 வாரம். ஓய்வூதியக் கணக்கில் 5 சதவீதம் அவர்களும் போடுகிறார்கள், 5,450. சிஎம்இ 2,500. காப்பீட்டுக்கு உங்கள் பங்கு வருடம் 1,200. டெயில் தேவையில்லை, கட்டணங்களை அவர்களே கட்டுகிறார்கள். கூட்டிக் கழித்தால் 115,750. வேலை 47 வாரம், 39 மணி வீதம் 1,833 மணி. மணிக்கு 63 டாலர்.

காகிதத்தில் 9,000 டாலர் குறைவாகத் தெரிந்த வேலை மணிக்கு 16 டாலர் அதிகம் தருகிறது. இந்தக் கணக்குப் போட அரை மணி நேரம் போதும். வருகிற எந்த ஆஃபருக்கும் இதைப் போடாமல் பதில் சொல்லாதீர்கள்.

விடுப்பைப் பற்றி இரண்டு கேள்வி: நோய் விடுப்பும் அரசு விடுமுறை நாட்களும் இந்த எண்ணிக்கைக்குள்ளேயே அடங்குமா? விலகும்போது மிச்சமிருப்பதற்குப் பணம் தருவார்களா? மருத்துவக் காப்பீடு எந்தத் தேதியில் தொடங்கும் என்றும் கேளுங்கள். சட்டப்படி காத்திருப்பு 90 நாளைத் தாண்டக் கூடாது, ஆனால் அந்த 90 நாளும் உங்களுடையதே.

ஆர்வியு போனஸ்

"எண்ணிக்கையைத் தாண்டினால் போனஸ், நம் பிஏ-க்கள் நன்றாகவே சம்பாதிக்கிறார்கள்" என்பார்கள். கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆர்வியு என்பது ஒவ்வொரு மருத்துவ வேலைக்கும் தரும் புள்ளி. பழைய நோயாளியின் சாதாரண வருகை, பில் குறியீடு 99213, 1.30 வொர்க் ஆர்வியு. கொஞ்சம் சிக்கலான வருகை, 99214, 1.92. நாளுக்கு 16 பேரில் 10 பேர் முதல் வகை, 6 பேர் இரண்டாம் வகை என்றால் 24.52. வாரம் 4 நாள் கிளினிக், வருடம் 46 வாரம், ஆக 184 நாள். மொத்தம் சுமார் 4,512. ஒப்பந்தத்தில் 4,500-க்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 25 டாலர் என்றிருந்தால் உங்கள் போனஸ் 300 டாலர்கூட வராது. முதல் வருடம் பயிற்சிக் காலத்தில் எண்ணிக்கை குறைவு என்பதால் அதுவும் வராது.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு பொறி உண்டு. பிஏ பார்க்கும் நோயாளிக்கு, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், டாக்டருக்குத் தரும் கட்டணத்தில் 85 சதவீதம் தருகிறது. "இன்சிடென்ட்-டு" விதிப்படி பில் போட்டால் 100 சதவீதம் கிடைக்கும். டாக்டர் ஏற்கெனவே பார்த்துத் திட்டம் வகுத்த பழைய நோயாளி, டாக்டரும் அதே அலுவலகத்திலோ நேரடி வீடியோ இணைப்பிலோ உடனே கிடைக்கும்படி இருக்கிறார் என்பவை அதன் முக்கிய நிபந்தனைகள். அப்படிப் போடும் பில் டாக்டரின் அடையாள எண்ணில் போகும். நோயாளியைப் பார்த்தது நீங்கள், ஆர்வியு ஏறுவது அவர் கணக்கில். மூன்றில் ஒரு பங்கு வருகை இப்படிப் போனாலே மேலே சொன்ன எல்லையை நீங்கள் தொடவே மாட்டீர்கள். ஆகவே போனஸ் உள்ள ஒப்பந்தத்தில் கேட்க வேண்டியது: எந்தப் பெயரில் பில் போனாலும் நான் பார்த்தது என் கணக்கில் வருமா, மாதாமாதம் அந்த அறிக்கை என் கைக்கு வருமா? முதல் வருடத்துக்கு உறுதியான சம்பளம், போனஸ் இரண்டாம் வருடத்திலிருந்து என்பதே புதியவருக்கு நல்லது.

வெளியே வரும் வழி

சிகிச்சையில் தவறு என்று வரும் வழக்குகளுக்கான மால்பிராக்டிஸ் இன்ஷூரன்ஸ் இரண்டு வகை. அக்கரன்ஸ் வகையில், சம்பவம் நடந்தபோது பாலிசி இருந்தால் போதும். வழக்கு ஐந்து வருடம் கழித்து வந்தாலும் அது பார்த்துக்கொள்ளும். கிளெய்ம்ஸ்-மேட் வகையில், வழக்கு வரும் நாளிலும் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். வேலையை விட்டால் பாலிசி முடிந்துவிடும், ஆனால் நீங்கள் ஏற்கெனவே பார்த்த நோயாளிகள் வழக்குப் போடும் காலம் முடிந்திருக்காது. அந்த இடைவெளியை மூடுவதுதான் டெயில். வருடப் பிரீமியத்தைப்போல் ஒன்றரை முதல் இரண்டு மடங்குவரை ஒரே தவணையில் கேட்பார்கள். ஒப்பந்தம் இது பற்றி எதுவும் சொல்லாமல் இருந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் காரணத்தால் விலகினாலும் டெயில் முதலாளி பொறுப்பு என்று எழுதச் சொல்லுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாவிட்டால், அவர்கள் நீக்கினாலோ இரண்டு வருடம் முடிந்தாலோ அவர்கள் பொறுப்பு என்பதுவரையாவது இறங்கி வரச் செய்யுங்கள். பாலிசி வரம்பு பொதுவாக ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம், வருடத்துக்கு 30 லட்சம் டாலர். அந்தத் தொகை உங்களுக்கே தனியாகவா, டாக்டர்களோடு பங்கு போட்டா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பங்கு என்றால் ஒரு பெரிய வழக்கில் மொத்தமும் கரைந்துவிடக்கூடும்.

நான்-கம்பீட் என்ற போட்டித் தடை அடுத்தது. விலகிய பிறகு இத்தனை மைலுக்குள் இத்தனை காலம் வேலை செய்யக் கூடாது என்கிற விதி. ஃபெடரல் டிரேட் கமிஷன் 2024 ஏப்ரலில் இதை நாடு முழுக்கத் தடை செய்து விதி கொண்டுவந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் டெக்சாஸ் ஃபெடரல் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது, 2025 செப்டம்பரில் கமிஷன் மேல்முறையீட்டைக் கைவிட்டது. "நான்-கம்பீட்டெல்லாம் இப்போது செல்லாதாமே" என்று யாராவது சொன்னால் நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். இப்போது முடிவு செய்வது மாநிலச் சட்டம்தான். கலிஃபோர்னியா, வடக்கு டகோட்டா, ஓக்லஹோமா, மின்னசோட்டா ஆகியவை ஊழியர்களுக்கான போட்டித் தடையை ஏறத்தாழ முழுக்க ஏற்பதில்லை. மின்னசோட்டாவில் 2023 ஜூலை 1 முதல் போட்ட ஒப்பந்தங்களுக்கு மட்டும். டெக்சாஸில் 2025 செப்டம்பர் 1 முதல் பிஏ-க்களுக்கும் வரம்பு வந்துவிட்டது: அதிகபட்சம் ஒரு வருடம், 5 மைல், பணம் கட்டி விடுபட வேண்டுமென்றால் அந்தத் தொகை வருடச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. பென்சில்வேனியாவில் 2025 முதல் ஒரு வருடத்தைத் தாண்டிய தடை செல்லாது, முதலாளியே நீக்கினால் தடையே செல்லாது.

மைல் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. 10 மைல் என்றால் சின்னதாகத் தோன்றும். ஆனால் அது எங்கிருந்து 10 மைல்? "முதலாளியின் எந்த இடத்திலிருந்தும்" என்றிருந்தால், நகரெங்கும் 14 கிளினிக் வைத்திருக்கும் நிறுவனத்தில் அது நகரம் முழுவதும் ஆகிவிடும். வரைபடத்தை எடுத்து ஒவ்வொரு கிளினிக்கைச் சுற்றியும் வட்டம் போட்டுப் பாருங்கள். "நான் முக்கியமாக வேலை செய்த ஒரு இடத்திலிருந்து, நான் செய்த அதே பிரிவில் மட்டும்" என்று மாற்றச் சொல்லுங்கள். பெரும்பாலும் மாற்றித் தருவார்கள்.

விலகல் அறிவிப்பு 60 முதல் 90 நாள் என்பது வழக்கம். இரு பக்கமும் ஒரே கணக்காக இருக்க வேண்டும். நீங்கள் 120 நாள் தர வேண்டும், அவர்கள் 30 நாளில் அனுப்பலாம் என்றால் சமப்படுத்தச் சொல்லுங்கள். காரணம் காட்டி உடனே நீக்கலாம் என்ற பகுதியில் லைசென்ஸ் இழப்பு, மோசடி போன்ற தெளிவான காரணங்கள் இருக்கட்டும். "நிர்வாகத்துக்குத் திருப்தியில்லாவிட்டால்" என்ற வரி இருந்தால் அறிவிப்புக் காலத்துக்கு அர்த்தமே இல்லை.

வேலையில் சேர்வதற்குத் தரும் சைன்-ஆன் போனஸைப் பணமாகப் பார்க்காமல், நிபந்தனையோடு கூடிய முன்பணமாகப் பாருங்கள். 10,000 டாலரில் ஃபெடரல் வரிப் பிடித்தம் 22 சதவீதம், சோஷியல் செக்யூரிட்டிக்கும் மெடிகேருக்குமாக 7.65 சதவீதம். மாநில வரிக்கு முன்பே கையில் வருவது 7,035. இரண்டு வருடத்துக்குள் விலகினால் முழுத் தொகையையும் திருப்பித் தர வேண்டும் என்றிருந்தால், கைக்கு வராத பணத்தையும் சேர்த்துக் கட்டுவீர்கள். மாதத்துக்கு இருபத்து நாலில் ஒரு பங்கு கழியும்படி எழுதச் சொல்லுங்கள். அப்படியானால் 18-வது மாதம் விலகும்போது கடன் 2,500 மட்டுமே. அவர்களே நீக்கினால் எதுவும் திருப்ப வேண்டாம் என்ற வரியும் வேண்டும்.

கடனும் விசாவும்

கல்விக்கடன் தள்ளுபடிக்கு, பொதுச் சேவை வேலையில் இருப்பவர்களுக்கான பிஎஸ்எல்எஃப் திட்டத்தை நம்பியிருப்பவர்கள், வருடச் சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2 வரிப் படிவத்தில் முதலாளியாக யார் பெயர் வரும் என்று கேளுங்கள். பொதுவாக அரசு அமைப்போ 501(சி)(3) லாபநோக்கற்ற அமைப்போ முதலாளியாக இருக்க வேண்டும், வாரம் 30 மணியாவது வேலை, 120 தகுதியான தவணை. மருத்துவமனை லாபநோக்கற்றதாக இருந்தாலும், அங்கே எமர்ஜென்சி பிரிவை நடத்தும் தனியார் குழு உங்களைச் சம்பளத்துக்கு எடுத்தால் பொதுவாக அது கணக்கில் சேராது. ஊழியராக இல்லாமல் சுயதொழில் ஒப்பந்தக்காரராக, அதாவது 1099-ஆக எடுக்கிறோம் என்றால் சுயதொழில் வரி 15.3 சதவீதத்தையும், காப்பீடும் ஓய்வூதியமும் கிடையாது என்பதையும் கழித்துப் பாருங்கள். புதியவருக்கு அது ஏற்றதல்ல.

எஃப்-1 மாணவர் விசாவில் படித்தவர்களுக்கு, படிப்புக்குப் பிறகு வேலை செய்யும் அனுமதியான ஓபிடி பொதுவாக 12 மாதமே. பல்கலைக்கழகத்தோடு இணைந்த லாபநோக்கற்ற மருத்துவமனைகள் எச்-1பி குலுக்கலுக்குள் வராமலேயே விண்ணப்பிக்க முடியும் என்பதால், அவர்களுக்கு முதலாளியின் வகை சம்பளத்தைவிடப் பெரிய விஷயம். ஸ்பான்சர் செய்வார்களா, எந்த மாதத்தில் தொடங்குவார்கள் என்பதை ஆஃபர் நேரத்திலேயே எழுத்தில் வாங்க வேண்டும்.

பேசுவது எப்படி

முதலில் எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். தொழிலாளர் புள்ளிவிவரத் துறை கணக்கில் 2024 மே மாதம் பிஏ-க்களின் மீடியன் (நடுமதிப்பு) சம்பளம் 133,260 டாலர். அது எல்லா அனுபவமும் சேர்ந்தது, புதியவரின் எண் அதற்குக் கீழேதான் இருக்கும். பிஏ-க்களின் தேசியச் சங்கமான ஏஏபிஏ-வின் வருடாந்தரச் சம்பள அறிக்கையில் மாநிலம், பிரிவு, அனுபவம் வாரியாகப் பார்க்கலாம். கொலராடோ, கலிஃபோர்னியா, வாஷிங்டன், நியூயார்க், இல்லினாய் போன்ற மாநிலங்களில் விளம்பரத்திலேயே சம்பள வரம்பு போட வேண்டும் என்பதால் அதே ஊரின் விளம்பரங்களே நல்ல ஆதாரம்.

ஆஃபர் வந்ததும் நன்றி சொல்லி, ஒப்பந்தத்தின் முழு நகலைக் கேளுங்கள். ஆஃபர் லெட்டர் இரண்டு பக்கம், ஒப்பந்தம் இருபது பக்கம். இரண்டாவதைப் பார்க்காமல் முதலாவதற்குச் சரி என்று சொல்லக் கூடாது. ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். 24 மணி நேரத்தில் பதில் வேண்டும் என்று நெருக்கும் இடம் பிறகும் அப்படித்தான் நடத்தும். அந்த வாரத்தில் அதே மாநிலத்தின் வழக்கறிஞர் ஒருவரிடம், மருத்துவ வேலை ஒப்பந்தங்கள் பார்ப்பவராகப் பார்த்து, காட்டுங்கள். சில நூறு டாலர் ஆகும். டெயிலில் ஒரே ஒரு வரி திருத்தினாலும் அந்தச் செலவு பல மடங்காகத் திரும்பிவிடும்.

பெரிய மருத்துவமனைகளில் அடிப்படைச் சம்பளம் அனுபவ வருடப்படி ஒரு அட்டவணையில் அடைபட்டிருக்கும். ஹெச்ஆரால் அதை அசைக்க முடியாது. அங்கே கேட்க வேண்டியது "எந்தப் படியில் என்னை வைத்திருக்கிறீர்கள்" என்பது. முன்பு நர்ஸாகவோ பாராமெடிக்காகவோ இருந்திருந்தால் சில இடங்களில் ஒரு படி ஏற்றுவார்கள். அசையக்கூடியவை வேறு: சைன்-ஆன் போனஸ், இடமாற்றச் செலவு, சிஎம்இ பணமும் நாட்களும், சேரும் தேதி, வாரத்தில் ஒரு அரை நாள் சார்ட்டிங் நேரம். தனியார் கிளினிக்கில் நேர் எதிர். அங்கே உரிமையாளரே முடிவெடுப்பவர் என்பதால் சம்பளமும் அசையும், ஆனால் காப்பீட்டுத் திட்டத்தை உங்கள் ஒருவருக்காக மாற்ற முடியாது.

கேட்பதை எல்லாம் ஒரே தடவையில், ஒரே மின்னஞ்சலில் கேளுங்கள். இன்றைக்குச் சம்பளம், நாளைக்கு விடுப்பு, நாளை மறுநாள் டெயில் என்று கேட்டால் நல்லவரும் சலித்துப்போவார். நான்கு கோரிக்கைகளுக்கு மேல் வேண்டாம். இல்லாவிட்டால் வேலையே வேண்டாம் என்பவற்றை முதலிலும், கிடைத்தால் நல்லது என்பவற்றைக் கடைசியிலும் வையுங்கள். உள்ளடக்கம் இப்படி இருக்கலாம்: "இந்த அணியோடு வேலை செய்ய மிகவும் விரும்புகிறேன். ஒப்பந்தத்தைப் படித்தேன். மூன்று விஷயங்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஒன்று, டெயில் பொறுப்பு நிறுவனத்தைச் சேர வேண்டும். இரண்டு, நேர்காணலில் பேசிய முதல் ஆறு மாதப் பயிற்சி அட்டவணையை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். மூன்று, இந்தப் பகுதியில் இதே பிரிவுக்கு விளம்பரமாகும் வரம்பைப் பார்த்தால் சம்பளம் 115,000 என்பது பொருந்தும். இவை சரியானால் இந்த வாரமே கையெழுத்திடத் தயார்." கடைசி வரி முக்கியம். அதைப் படித்ததும் மறுபக்கத்தில் இருப்பவர் உங்களுக்காக உள்ளே போய்ப் பேசத் தயாராவார்.

சம்பளத்தில் 5 முதல் 8 சதவீதம்வரை கேட்பது யாரையும் முகம் சுளிக்க வைக்காது. கேட்டால் ஆஃபரையே எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம் நம்மவர்களிடம் கொஞ்சம் அதிகமாகவே இருக்கிறது. மரியாதையாக, காரணத்தோடு, ஒரு தடவை கேட்டதற்கு ஆஃபரைப் பறிப்பது மிக அரிது. வாடகை, கல்விக்கடன், குடும்பச் செலவு என்று சொந்தக் கஷ்டத்தைக் காரணமாகச் சொல்லாதீர்கள். சந்தை விலையையும் நீங்கள் செய்யப்போகும் வேலையையும் மட்டும் சொல்லுங்கள். வேறு ஆஃபர் இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள், இல்லாததை இருப்பதாகச் சொல்லாதீர்கள். ஒரே ஊரின் பிஏ வட்டம் மிகச் சின்னது. ரெக்ரூட்டர் ஃபோனில் ஒத்துக்கொண்டால் அன்றே "பேசியபடி இவை சரியானது" என்று மின்னஞ்சல் போட்டு, திருத்திய ஒப்பந்தம் வரும்வரை காத்திருங்கள்.

எதற்கும் ஒத்துக்கொள்ளவில்லையா? ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும் சம்பள மறுபரிசீலனை என்ற வரியைக் கேளுங்கள், பெரும்பாலும் கிடைக்கும். ஆனால் டெயில் உங்கள் தலையில், நான்-கம்பீட் நகரம் முழுக்க, பயிற்சி பற்றி ஒரு வரியும் இல்லை என்று மூன்றும் சேர்ந்து வந்தால், எவ்வளவு சம்பளமானாலும் விட்டுவிடுங்கள்.

கையெழுத்துக்கும் முதல் நாளுக்கும் நடுவே

மாநில லைசென்ஸ், பிறகு டிஇஏ, சில மாநிலங்களில் தனியாக மாநில மருந்துப் பதிவு, பில் போடுவதற்கான என்பிஐ அடையாள எண், மருத்துவமனை அனுமதி, காப்பீட்டு நிறுவனங்கள் உங்கள் தகுதியைச் சரிபார்க்கும் கிரெடென்ஷியலிங் என்று வரிசை நீளம். கடைசியது மட்டும் 90 முதல் 120 நாள் ஆகும். டிஇஏ விண்ணப்பத்தில் போதைப்பொருள் அடிமைத்தன சிகிச்சை பற்றிய 8 மணி நேரப் பயிற்சிக்கு உறுதி கேட்பார்கள். உங்கள் படிப்பிலேயே அது அடங்கியிருக்கலாம், கல்லூரியிடம் கடிதம் வாங்கி வையுங்கள். கிரெடென்ஷியலிங் தாமதமானால் சம்பளம் சேரும் தேதியிலிருந்தே வருமா, அனுமதி கிடைத்த பிறகா என்பது ஒப்பந்தத்தில் தெளிவாக இருக்கட்டும். அது தெரியாமல் புது ஊரில் வீட்டு வாடகை ஒப்பந்தம் போட்டுவிட்டு இரண்டு மாதம் வருமானம் இல்லாமல் தவிப்பவர்கள் நிறைய.

இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், திருத்தங்கள், பேச்சு உறுதி செய்த மின்னஞ்சல்கள், மால்பிராக்டிஸ் பாலிசியின் சான்றிதழ் ஆகியவற்றை உங்கள் சொந்த மின்னஞ்சலுக்கு அனுப்பி, ஒரு காகித நகலும் எடுத்து வீட்டில் வையுங்கள். வேலையை விடும் நாளில் அலுவலக மின்னஞ்சல் மத்தியானத்துக்குள் மூடப்பட்டுவிடும். அடுத்த மருத்துவமனையின் கிரெடென்ஷியலிங் அலுவலகம் முதலில் கேட்கும் காகிதங்களில் அந்தப் பாலிசிச் சான்றிதழும் ஒன்று.